வீட்டுக்கு வெளியே சென்சார் லைட்: கேட், சந்து, பின்கட்டு மூணுக்கும் எது சரிப்படும்?

சத்துவாச்சாரி_வீடு:
வணக்கம். வேலூர் சத்துவாச்சாரியில 30க்கு 50 அடி மனை, கிழக்குப் பார்த்த வீடு. ஆள் வந்தா எரியற லைட் மூணு இடத்துல போடணும். முன்னாடி போர்டிகோவும் கேட்டும், கேட்டுக்கு வெளியே 20 அடி ரோடு, ராத்திரி 11 மணி வரைக்கும் வண்டி ஓடும். தெற்கால சந்து, மூணரை அடி அகலம், 40 அடி நீளம், ஏசி அவுட்டோர் யூனிட்டும் சமையல்கட்டு எக்ஸாஸ்ட்டும் அந்தப் பக்கம்தான். பின்கட்டுல துவைக்கிற கல், போர் மோட்டார், ஒரு முருங்கை மரம். சென்சாரோட சேர்ந்த 50 வாட் ஃபிளட் லைட் மூணு வாங்கிடுங்கன்னு கடையில சொல்றாங்க. சரியா? உடம்பு சூட்டைப் பார்த்து எரியற பிஐஆர் சென்சார் வாங்கறதா, அலை அனுப்பிப் பார்க்கற மைக்ரோவேவ் சென்சார் வாங்கறதா?

காட்பாடி_வயரிங்:
50 வாட் எங்கயுமே வேணாம் சார். 8 அடி உயரத்துல போர்டிகோவுக்கு 10 வாட் போதும், அதுலயே 900, 1000 லூமன் வந்துடும். பின்கட்டுக்கு 20 வாட். 50 வாட்ட ரோட்டப் பார்த்து வெச்சா பைக்ல வர்றவங்க கண்ணு கூசும், எதிர்வீட்டு ஜன்னல்லயும் போய் விழும்.

சேர்ந்து வர்ற லைட்டுல பெரிய கஷ்டம், லைட் இருக்கற இடத்துலதான் சென்சாரும் இருக்கணும். லைட்ட 10 அடியில வெச்சா வெளிச்சம் நல்லா பரவும். சென்சாருக்கு 7லேர்ந்து 8 அடிதான் சரி. அதனால சென்சார் தனி, லைட் தனின்னு போடுங்க. எது போச்சோ அதை மட்டும் மாத்திக்கலாம். சேர்ந்ததுல சென்சார் போனா நல்லா எரியற லைட்டையும் சேர்த்துக் கழட்டணும்.

லக்ஸ்மீட்டர்:
மேலே சொன்னதை ஏற்கிறேன். அடிப்படையைக் கொஞ்சம் விரித்துச் சொன்னால் இடம் பார்ப்பது எளிது.

பிஐஆர் சென்சாருக்குள் வெப்பத்தை உணரும் சிறு துண்டுகள் இரண்டு பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். முன்னால் தெரிகிற வெள்ளை பிளாஸ்டிக் வில்லை, எதிரே உள்ள இடத்தை விசிறி மடிப்பு போலப் பட்டை பட்டையாகப் பிரித்து அந்தத் துண்டுகள் மேல் விழச் செய்கிறது. ஒரு ஆள் இந்தப் பட்டைகளைக் குறுக்கே தாண்டினால் முதலில் ஒரு துண்டு சூடாகும், பிறகு மற்றது. அந்த வித்தியாசம்தான் சென்சாருக்குச் சேதி. குறுக்கே போகிறவரை 8, 9 மீட்டரில் பிடிக்கும் சென்சார், நேராகத் தன்னை நோக்கி வருகிறவரை 3, 4 மீட்டர் வரை விட்டுவிடும். அவர் ஒரே பட்டைக்குள்ளேயே நடந்து வருவதுதான் காரணம்.

ஆகவே கேட்டுக்கு நேர் எதிரே, வாசற்படிக்கு மேலே சென்சாரை வைப்பது தவறு. எல்லோரும் அதைத்தான் செய்கிறார்கள். போர்டிகோவின் பக்கத் தூணில் வைத்தால் கேட்டிலிருந்து வாசலுக்கு வருகிறவர் அதன் பார்வையைக் குறுக்கே வெட்டுவார்.

நம் ஊருக்கென்று இன்னொரு சங்கதி உண்டு. அக்னி நட்சத்திரத்தில் பகலெல்லாம் 40 டிகிரி வெயில் வாங்கிய சுவரும் சிமென்ட் தரையும் ராத்திரி 9 மணிக்கும் 35 டிகிரியில் நிற்கும். மனிதத் தோலும் சட்டையும் ஏறக்குறைய அதே சூடு. பின்னணிக்கும் ஆளுக்கும் வித்தியாசம் இல்லாவிட்டால் பிஐஆர் எதைப் பார்க்கும்? பெட்டியில் 12 மீட்டர் என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கும். பக்கத்திலேயே பொடி எழுத்தில் 24 டிகிரிக்குக் கீழே என்றும் இருக்கும். பல மாடல்களில் இதைப் பார்க்கலாம். வேலூர் மே மாதத்துக்கு அதில் பாதியை மட்டும் நம்பி இடம் குறியுங்கள்.

மாடி_வாடகை:
அப்படின்னா வெயிலுக்கு மைக்ரோவேவ்தானே மேல்? தோட்டப்பாளையத்துல மாடிப்படிக்கு அதைத்தான் நிறைய பேர் போடறாங்க, கோடையிலயும் எரியுது. ஆஸ்பத்திரிக்கு வந்து தங்கறவங்க எந்த நேரத்துலயும் ஏறி இறங்கற படி அது.

போர்டு_பழுது:
மாடிப்படிக்கு மைக்ரோவேவ் சரிதான் ஐயா. நாலு பக்கமும் சுவர், அசையற பொருள் வேற எதுவும் இல்லை. இவர் கேக்கறது திறந்த வெளி.

மைக்ரோவேவ் சென்சார் 5.8 கிகாஹெர்ட்ஸ்ல அலையை அனுப்பி, திரும்பி வர்ற அலை மாறுதான்னு பார்க்குது. வெயில், சூடு ஒண்ணும் பாதிக்காது. நேரா வர்ற ஆளை நல்லாப் பிடிக்கும், பிஐஆருக்கு அப்படியே எதிர். ஆனா கண்ணாடி, மரக்கதவு, பிளாஸ்டிக், நாலரை அங்குலச் செங்கல் சுவர் எல்லாத்தையும் ஓரளவு தாண்டிப் போயிடும். சந்துல வெச்சா சுவருக்கு அந்தப் பக்கம் படுக்கையறையில ஃபேன் சுத்தறதே போதும், விடிய விடிய எரியும். போர்டிகோவுல வெச்சா ரோட்டுல போற லாரியும் காத்துல ஆடற இரும்பு கேட்டும் அதுக்கு ஆள் மாதிரிதான். மழைன்னா சன்ஷேடு ஓரத்துல சொட்டற தண்ணியே போதும். முருங்கை இருக்கற பின்கட்டுல நினைச்சுக்கூடப் பார்க்காதீங்க.

இவர் வீட்டுக்கு மூணு இடத்துலயும் பிஐஆர்தான். கோடையில தூரம் குறையறதை சென்சார் எண்ணிக்கையாலயும் இடத்தாலயும் சமாளிக்கலாம். திறந்த வெளியில மைக்ரோவேவ் பொய்யா எரியறதைச் சமாளிக்க வழியே கிடையாது.

மாடி_வாடகை:
சரி, புரியுது. மாடிப்படியிலயும் வாசல் கதவு பக்கத்துல இருந்தா உள்ளே நடக்கறவங்களுக்கே எரியும்னு இப்பத் தெரியுது. சென்ஸ் (உணர்திறன்) திருகைக் குறைச்சா சரியாகுமா?

போர்டு_பழுது:
ஆகும். மொத்தமா குறைச்சிட்டு, படியில கால் வெச்சதும் எரியற அளவுக்குக் கொஞ்சம் கொஞ்சமா ஏத்துங்க. ஒரே சென்சார்ல ரெண்டு மாடிக்கும் வேலை வாங்க நினைக்காதீங்க, ஒவ்வொரு திருப்பத்துக்கும் ஒண்ணு வெக்கணும்.

சத்துவாச்சாரி_வீடு:
சந்துக்கு என்ன வழி சார்? அங்க குறுக்கே நடக்கவே முடியாது, எப்படி வெச்சாலும் நேராதானே வரணும்?

லக்ஸ்மீட்டர்:
சுவரின் கோடியில் வைத்து நீளவாக்கில் பார்க்கவிட்டால் நீங்கள் சொல்வதுதான் நடக்கும். மேலிருந்து கீழே பார்க்கும் சென்சாரை வையுங்கள். சீலிங்கில் மாட்டுகிற 360 டிகிரி பிஐஆர். ஜன்னல் சன்ஷேடு லிண்டல் மட்டத்தில், தரையிலிருந்து 7 அடியில் இருக்கும். அதன் அடியில் மாட்டினால் கீழே சுமார் 5 மீட்டர் விட்டத்தில் வட்டமாகப் பார்க்கும். எந்தத் திசையிலிருந்து யார் வந்தாலும் அந்த வட்டத்தின் பட்டைகளைத் தாண்டித்தான் ஆக வேண்டும். தூரமும் இரண்டு மூன்று மீட்டர்தான் என்பதால் கோடைச் சூடு அவ்வளவாகக் கெடுக்காது.

40 அடிக்கு இரண்டு சென்சார். சந்தின் ஒவ்வொரு கோடியிலிருந்தும் 8 அடி உள்ளே தள்ளி ஒன்று. எதில் ஆள் பட்டாலும் சந்தில் உள்ள இரண்டு 5 வாட் விளக்குகளும் சேர்ந்து எரியும்படி இணையுங்கள்.

வாங்கும்போது, தூசியும் தண்ணீரும் எவ்வளவு தாங்கும் என்று சொல்லும் ஐபி எண்ணைப் பாருங்கள். சீலிங் மாடல் பெரும்பாலும் ஐபி20, வீட்டுக்குள்ளே மட்டும் வைக்க வேண்டியது. சாரல் படுகிற இடத்துக்கு ஐபி44க்குக் குறையக் கூடாது, ஐபி65 கிடைத்தால் நல்லது. சன்ஷேடின் ஓரத்திலிருந்து ஆறு அங்குலமாவது உள்ளே தள்ளி மாட்டுங்கள்.

காட்பாடி_வயரிங்:
ஏசி அவுட்டோர்லேர்ந்து 6 அடி தள்ளணும் சார். அது ஊதற சூடு காத்து விட்டு விட்டு வரும், சென்சாருக்கு யாரோ வந்து போற மாதிரி. எக்ஸாஸ்ட்டும் அப்படித்தான். இடம் இல்லைன்னா அந்தப் பக்கம் பார்க்கற வில்லை மேல கருப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டிடுங்க. கேட் பக்கத்துக்கும் இதே வித்தை. ரோட்டைப் பார்க்கற பகுதியை மட்டும் டேப்பால மூடினா வண்டிக்கு எரியாது. டேப்ப உள்ள ஒட்டக்கூடாது, வெளியிலதான். கால் அங்குலம் கால் அங்குலமா ஒட்டி நடந்து பார்த்து ஒட்டுங்க, ஒரே அடியா மூடிட்டா வர்ற ஆளும் தெரியாது.

போர்டு_பழுது:
இதோட இன்னொண்ணு. மழைக்குப் பயந்து சென்சாருக்கு முன்னாடி கண்ணாடி, அக்ரிலிக், தண்ணி பாட்டில வெட்டின பிளாஸ்டிக்னு எதையாவது மாட்டிடறாங்க. நம்ம கண்ணுக்கு அது தெளிவாத் தெரியும், உடம்பு வெப்பம் அதுல பூர மாட்டேங்குது. அன்னிக்கே சென்சார் குருடு. வில்லை மெல்லிசா பால் நிறத்துல இருக்கறதுக்குக் காரணமே அந்த வகை பிளாஸ்டிக்குல மட்டும் வெப்பம் ஓரளவு கடக்கும்ங்கறதுதான். சுண்ணாம்பு, டிஸ்டெம்பர் தெளிச்சாலும் இதே கதி. பெயின்ட் அடிக்கும்போது பேப்பர் கட்டுங்க, தின்னர் போட்டுத் துடைக்காதீங்க, ஈரத்துணி போதும்.

மழைக்குத் தடுப்பு வேணும்னா மேல ஒரு சின்ன தகரக் கூரை. முன்னாடி எதுவும் வேணாம்.

பாலாத்தங்கரை:
விரிஞ்சிபுரம் பக்கம் தோட்டத்து வீடு. எங்க கவலை திருடன் இல்லை, பாம்பு. வாசல்லேர்ந்து கழிவறை வரைக்கும் 30 அடி. சோலார் சென்சார் லைட் 100 வாட்னு போட்டு சல்லிசா விக்கறாங்க, அது வாங்கலாமா? கரன்ட் இழுக்கறது கஷ்டம்.

லக்ஸ்மீட்டர்:
அம்மா, பாம்புக்காக சென்சாரை நம்பவே நம்பாதீர்கள். பாம்பின் உடல் சூடு சுற்றியுள்ள தரையின் சூடேதான். பிஐஆருக்கு அது தெரியாது. நீங்கள் கால் எடுத்து வைத்த பிறகு உங்களைப் பார்த்துத்தான் விளக்கு எரியும், அதுவும் ஒரு நொடி கழித்து. பாம்பு முதல் படிக்குப் பக்கத்திலேயே கிடந்தால்?

உங்களுக்கு வேண்டியது இரண்டு நிலை விளக்கு. ராத்திரி முழுக்க மங்கலாக எரிந்துகொண்டே இருக்கும், ஆள் வந்தால் முழு வெளிச்சம் தரும். டிம் மோட் என்று பெட்டியில் இருக்கும். படி, பாதை, கழிவறை வாசல் மூன்றும் எப்போதும் கண்ணுக்குத் தெரிய வேண்டும். டார்ச்சும் கையில் இருக்கட்டும்.

போர்டு_பழுது:
அக்கா, அந்த 100 வாட் கணக்கைப் பார்ப்போம். உள்ளே இருக்கறது பெரும்பாலும் ஒரே ஒரு 18650 செல், 3.7 வோல்ட், 1200 மில்லியாம்பியர்மணி. பெருக்கினா 4.4 வாட்மணி. நிஜமாவே 100 வாட் எரிஞ்சா மூணு நிமிஷம்கூடத் தாங்காது. சின்னச் சின்ன எல்இடி எத்தனைங்கற எண்ணை வாட்னு போட்டு விக்கறாங்க. வாங்கும்போது வாட்டைக் கேக்காதீங்க, பேட்டரி எத்தனை மில்லியாம்பியர்மணி, என்ன வகைன்னு கேளுங்க. லித்தியம் அயர்ன் பாஸ்பேட், அதாவது 3.2 வோல்ட்டுன்னு போட்டிருக்கறது, நம்ம வெயிலுக்கு நல்லாத் தாங்கும். ராத்திரி முழுக்க மங்கலா எரியணும்னா 5000 மில்லியாம்பியர்மணியாவது வேணும். 3.2 வோல்ட்டுல அது 16 வாட்மணி. 12 மணி நேரம் 0.7 வாட்டுல எரிஞ்சா 8.4 போயிடும், மிச்சம் முழு வெளிச்சத்துக்கு.

பேனல் தனியா ஒயரோட வர்றதை வாங்குங்க. விளக்கு தாழ்வாரத்துக்குக் கீழே, பேனல் கூரை மேல. தெற்கைப் பார்த்து 13லேர்ந்து 15 டிகிரி சாய்வு. நம்ம ஊர் கிட்டத்தட்ட 13 டிகிரி வடக்குல இருக்கறதால அந்தக் கணக்கு. தென்னை நிழல் கால்வாசி விழுந்தாலே சார்ஜ் பாதிக்கு மேல குறையும். ரெண்டு வாரத்துக்கு ஒருமுறை புழுதி துடைக்கணும், கார்த்திகை அடைமழையில நாலஞ்சு நாள் வெயில் இல்லாட்டி ராத்திரி பாதியில அணையும். அதுக்குத் தயாரா இருங்க.

பாலாத்தங்கரை:
விளக்கமா சொன்னீங்க தம்பி, நன்றி. பல்லி பத்தி ஒரு கேள்வி. மாட்டுக் கொட்டகையில ஒரு சென்சார் லைட் சும்மா சும்மா எரியுது, பார்த்தா வில்லை மேலயே பல்லி. அதுக்கும் உடம்பு சூடு இல்லைதானே?

லக்ஸ்மீட்டர்:
நல்ல கேள்வி. பல்லி 5 மீட்டரில் ஓடினால் தெரியாது. வில்லையின் மேலேயே ஊர்ந்தால் ஒரு துண்டுக்கு வருவதை முழுக்க மறைத்து அடுத்ததுக்கு விடுகிறது. அரை டிகிரி வித்தியாசமும் அங்கே பெரிதாகிவிடும். சிலந்தி நூல் காற்றில் ஆடினாலும், குளவி கூடு கட்டினாலும் இதேதான்.

பல்லி வருவது பூச்சிக்கு, பூச்சி வருவது வெள்ளை வெளிச்சத்துக்கு. 6500 கெல்வின் குளிர் வெள்ளையை விட 3000 கெல்வின் மஞ்சள் வெளிச்சத்துக்குப் பூச்சி குறைவு. விளக்கையும் சென்சாரையும் மூன்றடியாவது பிரித்து வைத்தால் பல்லி விளக்கோடு நின்றுகொள்ளும். தனித்தனியாக வாங்கச் சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம்.

சத்துவாச்சாரி_வீடு:
வயரிங் எப்படிக் கொடுக்கணும்? சில நேரம் நாங்களே தொடர்ந்து எரிய வெக்கணும், விசேஷம்னா. வீட்டுல த்ரீ பேஸ், இன்வெர்ட்டரும் இருக்கு.

காட்பாடி_வயரிங்:
சென்சார்ல மூணு ஒயர் வரும். பிரவுன் பேஸ், நீலம் நியூட்ரல், சிவப்பு லைட்டுக்குப் போற லோட். பிராண்டுக்கு பிராண்டு கலர் மாறும், ஒட்டியிருக்கற படத்தைப் பார்த்துதான் கொடுக்கணும். லைட்டோட நியூட்ரல் சென்சார் நியூட்ரலோட ஒண்ணா. 1 சதுர மில்லிமீட்டர் காப்பர் ஒயர் போதும், 20 எம்எம் பைப்புல இழுங்க. ஃபிளட் லைட் உடம்பு இரும்பு, அலுமினியம்னா பச்சை எர்த் கண்டிப்பா. சுவிட்ச் பெட்டியில நியூட்ரல் இல்லைன்னு ரெண்டு ஒயர் சென்சார் வாங்காதீங்க, சின்ன எல்இடி அணைச்ச பிறகும் மினுக் மினுக்னு எரிஞ்சிட்டே இருக்கும்.

தொடர்ந்து எரியறதுக்கு ஒரு சுவிட்சு. பேஸையும் லோடையும் அந்த சுவிட்சு நேரா சேர்க்கும். சுவிட்ச் போட்டா சென்சார் இல்லாம எரியும், அணைச்சா சென்சார் பார்த்துக்கும்.

த்ரீ பேஸ் வீட்டுல இங்கதான் ஆபத்து இருக்கு, நல்லா கவனிங்க. சென்சாருக்கு வர்ற பேஸும் அந்த சுவிட்சுக்கு வர்ற பேஸும் ஒண்ணா இருக்கணும். சென்சாருக்கு ஒரு பேஸ், சுவிட்ச் போர்டுல பக்கத்துல கிடைச்சதேன்னு வேற பேஸ் எடுத்துக் கொடுத்தா, சென்சாருக்குள்ள லைட்டைப் போட்டு அணைக்கற ரிலே ஒட்டற நேரம் ரெண்டு பேஸும் நேரா மோதும், 415 வோல்ட். ரிலே வெடிக்கும், எம்சிபி (கரன்ட் அதிகமானா தானா அணையற சுவிட்சு) விழும், ஆளு பக்கத்துல நின்னா காயம்தான். சந்துல ரெண்டு சென்சார் சேர்த்துப் போடறீங்களே, அதுக்கும் இதே விதி. ரெண்டுக்கும் ஒரே எம்சிபி, ஒரே பேஸ், ஒரே நியூட்ரல். இன்வெர்ட்டர் லைன்லேர்ந்து ஒண்ணு, நேர் லைன்லேர்ந்து ஒண்ணுன்னு கலக்கவே கூடாது. மெயின ஆஃப் பண்ணி, டெஸ்டர் வெச்சுப் பார்த்துட்டு, லைசென்ஸ் இருக்கற எலக்ட்ரீஷியன வெச்சே செய்யுங்க.

போர்டு_பழுது:
இன்வெர்ட்டர் சைன் வேவ்தானா பாருங்க. ஸ்கொயர் வேவ்னா சென்சார் உள்ளே இருக்கற பவர் சப்ளை ரெசிஸ்டர் கருகும். மலிவு சென்சார்ல டிரான்ஸ்ஃபார்மர் கிடையாது, ஒரு பெரிய கெபாசிட்டர் வழியாத்தான் மின்சாரத்தைக் குறைக்கறாங்க.

ரெண்டு மூணு வருஷம் கழிச்சு ஆள் வந்ததும் சென்சார் டிக் டிக் டிக்னு அடிச்சு லைட் துடிச்சா, அந்தக் கெபாசிட்டர் தேய்ஞ்சு போச்சுன்னு வெச்சுக்கலாம். ரிலே இழுக்கும், இழுத்ததும் வோல்டேஜ் விழும், ரிலே விட்டுடும், மறுபடி இழுக்கும். மஞ்சள் டப்பி மாதிரி இருக்கும், மேல 0.33 இல்ல 0.47 மைக்ரோஃபாரட், எக்ஸ்2, 275 வோல்ட்னு இருக்கும். அதே அளவு, அதே எக்ஸ்2 வகைதான் மாத்தணும், சாதா கெபாசிட்டர் போட்டா தீப்பிடிக்கும். அந்த போர்டுல எல்லா இடமும் நேரா மெயின்ஸ், கரன்ட் இருக்கும்போது எதையும் தொடக்கூடாது.

லைட் அணையவே இல்லைன்னா வேற நோய். ரிலே பாயின்ட் ஒட்டிக்கிச்சு. சென்சார் மேல 1200 வாட்னு போட்டிருக்கறது குண்டு பல்புக்கு. எல்இடிக்கு 300 வாட்டுன்னு தனியா இருக்கும். எல்இடி டிரைவர் போட்ட கணத்துல இழுக்கற மின்சாரம் ரொம்ப அதிகம், அதான் இந்தக் குறைப்பு.

காட்பாடி_வயரிங்:
விடிய விடிய எரியறதுக்கு இன்னொரு காரணமும் இருக்கு. சில மாடல்ல சுவிட்ச ரெண்டு தடவை சட்டு சட்டுன்னு ஆஃப் ஆன் பண்ணா தொடர்ந்து எரியற மோடுக்குப் போயிடும். கோடை இடிமழையில கரன்ட் போய்ப் போய் வரும்போது அது தானா அந்த மோடுக்குப் போயிடும். பத்து செகண்ட் ஆஃப் பண்ணிட்டு ஆன் பண்ணுங்க, சரியாகும்.

கரன்ட் வந்ததும் ஒரு நிமிஷம் எரிஞ்சு அணையறது பழுதில்லை, சென்சார் சூடேறி நிலைக்கு வர்ற நேரம் அது.

சத்துவாச்சாரி_வீடு:
கரன்ட் பில் எவ்வளவு மிச்சமாகும்னு சொல்ல முடியுமா?

லக்ஸ்மீட்டர்:
20 வாட் விளக்கு ஒன்று மாலை 6 முதல் காலை 6 வரை எரிந்தால் ஒரு நாளைக்கு 240 வாட்மணி, இரண்டு மாத பில்லில் 14.4 யூனிட். சென்சாரோடு ராத்திரிக்கு 30 தடவை, ஒரு தடவைக்கு ஒரு நிமிடம் என்றால் 10 வாட்மணி. சென்சார் தானே குடிப்பது அரை வாட், 24 மணிக்கு 12. மொத்தம் 22 வாட்மணி, இரண்டு மாதத்துக்கு 1.3 யூனிட். எல்இடியில் மிச்சம் சுமார் 13 யூனிட், அவ்வளவுதான்.

மழை பற்றிச் சொல்ல விட்டுப்போனது. சேர்ந்து வருகிற மாடலில் பெட்டியில் ஐபி65 என்று இருந்தாலும், கீழே தொங்கும் சென்சார் குமிழுக்கு ஐபி44 மட்டும் இருக்கலாம். ஒயர் எப்போதும் கீழ்ப்பக்கமாக நுழைய வேண்டும். நுழைவதற்கு முன் ஒயரை ஒரு வளைவு தொங்கவிட்டால் தண்ணீர் அந்த வளைவின் அடியில் சொட்டிவிடும். சுவரோடு சேரும் இடத்தில் மேற்பக்கத்திலும் இடம் வலம் இரு பக்கத்திலும் சிலிக்கான் அடைத்துக் கீழ்ப்பக்கத்தைத் திறந்தே விடுங்கள். நான்கு பக்கமும் அடைத்தால் உள்ளே புகுந்த தண்ணீர் வெளியேற வழியின்றி நிற்கும், முதல் ஐப்பசி மழைக்கே ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் தானே அணையும் சுவிட்சு) விழ ஆரம்பிக்கும்.

சத்துவாச்சாரி_வீடு:
நான் எடுத்த முடிவு இது, தப்பு இருந்தா திருத்துங்க. போர்டிகோ வடக்குத் தூணில 7 அடியில பிஐஆர், 10 வாட் மஞ்சள் லைட் சீலிங்குல. சந்துல சன்ஷேடு அடியில 360 டிகிரி ரெண்டு, 5 வாட் ரெண்டு. பின்கட்டுல 20 வாட் ஒண்ணு, சென்சார் முருங்கைக்கு முதுகு காட்டி மோட்டார் பக்கம் பார்க்கும். எல்லாத்துக்கும் ஒரே எம்சிபி, ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு நேரடி சுவிட்சு. கேட்டுகிட்ட சிசிடிவி கேமராவும் வரும்.

லக்ஸ்மீட்டர்:
கேமராவையும் சென்சாரையும் ஒன்றுக்கொன்று முகம் பார்க்க வைக்காதீர்கள். கேமராவின் இன்ஃப்ராரெட் விளக்கு பிஐஆரை எரிய வைக்காது. ஆனால் பகல் இரவு பார்க்க போட்டோ டிரான்சிஸ்டர் வைத்த மாடலில், அந்த ஒளியைப் பகல் என்று எடுத்துக்கொண்டு சென்சார் சும்மா இருந்துவிடும்.

காட்பாடி_வயரிங்:
மத்ததெல்லாம் சரி சார். மாட்டினதும் லக்ஸ் திருகை (எவ்வளவு இருட்டினா எரியணும்ங்கறதுக்கு) சூரியன் படம் வரைக்கும், டைம் திருகைக் குறைச்ச அளவுக்கும் திருப்பிட்டு பகல்லயே நடந்து பாருங்க. எங்க எரியுது, எங்க எரியலைன்னு சாக்பீஸால தரையில கோடு போடுங்க. வட்டம் சரியா வந்த பிறகு லக்ஸை நிலா படத்துக்குக் கொஞ்சம் முன்னாடி வெச்சு, டைமை போர்டிகோவுக்கு ஒரு நிமிஷம், துவைக்கிற இடத்துக்கு அஞ்சு நிமிஷம் வெச்சிடுங்க. மே மாசம் ராத்திரி எட்டு மணிக்கு இன்னொரு தடவை அதே கோட்டுல நடந்து பார்க்கணும். அப்ப எரியாத இடம் இருந்தா சென்ஸ் திருகை ஏத்துங்க, மார்கழியில மறுபடி குறைச்சுக்கலாம்.